ஓலை, குழாய், பெட்டி, கண்ணாடி

பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது கையில் ஒரு வி.ஆர். கண்ணாடி எடுத்துப் போயிருந்தேன். நண்பன் ஒருத்தன் ஆசையாக வாங்கி, ரெண்டு மாசம் விளையாடிவிட்டு, "தலை சுத்துது மச்சி, நீயே வெச்சுக்கோ"ன்னு என் தலையில் கட்டியது. ஊரில் இருக்கும் பொடியன்கள் எல்லாரும் வரிசையில் நின்று ரோலர் கோஸ்டர் பார்த்து அலறி முடித்த பிறகு, ஆயாவுக்கு ஒரு கச்சேரி போட்டுக் காட்டலாம் என்று தோன்றியது. மேடையின் நடுவிலேயே கேமராவை வைத்து 360 டிகிரியில் எடுத்த கச்சேரி. தலையை எந்தப் பக்கம் திருப்பினாலும் அந்தப் பக்கம் தெரியும்.

ஆயா ரேடியோவில் கே.பி. சுந்தராம்பாள் கேட்டு வளர்ந்த ஆள். கண்ணாடியை மாட்டிவிட்டதும் கொஞ்ச நேரம் சிலை மாதிரி உட்கார்ந்திருந்தாள். அப்புறம் மெதுவாக இடது பக்கம், வலது பக்கம். மிருதங்கக்காரர் பக்கம் திரும்பி கையை நீட்டித் தொடப் பார்த்தாள். சுவரில் இடித்துக்கொண்டாள் :-) பத்து நிமிஷம் கழித்துக் கழற்றிக் கொடுத்துவிட்டுச் சொன்னாள்:

"எல்லாம் நல்லாத்தான் கீது கண்ணு. பக்கத்துலயே குந்திக்கினா மாரி கீது. ஆனா அந்தப் பாடற அம்மா ஒரு தபா கூட என்னைப் பாக்கலியே?"

நான் சிரித்துவிட்டேன். "ஆயா, அது ரெக்கார்டிங். அவங்களுக்கு நீ இருக்கறதே தெரியாது."

"அதான் சொல்றேன்" என்று எழுந்து போய்விட்டாள்.

பொட்டி தட்டுகிறவன் புத்தி, "யூசர் ஃபீட்பேக்" என்று எதைக் கேட்டாலும் மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருக்கும். இதுவும் ஓடியது. யோசிக்க யோசிக்க, இந்தப் புகார் வி.ஆர். கண்ணாடியின் மேல் மட்டும் வைத்த புகார் இல்லை என்று தெரிந்தது. பாட்டு ஆளை விட்டுப் பிரிந்து பயணம் போக ஆரம்பித்த நாளிலிருந்தே இருக்கிற புகார். அதில் எங்க ஊருக்கும் ஒரு பங்கு உண்டு.

வாலாஜாபேட்டை என்றால் வெளியூர்க்காரர்களுக்குத் தெரிந்தது ரெண்டு விஷயம். ஒன்று, 1866-லேயே நகராட்சி ஆன ஊர். இன்னொன்று, தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து கிளம்பி வந்து நின்றது எங்க வாலாஜா ரோடு ஸ்டேஷனில். (ஆக பிளாட்பாரம் என்ற சொல்லுக்கு எங்களிடம்தான் முதல் உரிமை. ஹிஹி.) ஆனால் சங்கீதக்காரர்களிடம் வாலாஜாபேட்டை என்று சொன்னால் அவர்களுக்கு ஞாபகம் வருவது வேங்கடரமண பாகவதர்.

1781-ல் பிறந்தவர், சௌராஷ்டிர சமூகம். தஞ்சாவூர்ப் பக்கம் அய்யம்பேட்டையில் இருந்தபோது திருவையாற்றில் தியாகராஜரிடம் வருஷக்கணக்கில் பாடம் கேட்டார். பிறகு இங்கே வந்து குடியேறினார். அவர் செய்த பெரிய வேலை பாடியது மட்டுமல்ல, எழுதி வைத்தது. குருவின் கீர்த்தனைகளை ராகம், தாளம், சாகித்யம் என்று ஓலையிலும் காகிதத்திலும் எழுதினார். அவரும் அவர் மகன் கிருஷ்ணசாமி பாகவதரும் தியாகராஜர் வாழ்க்கையையும் எழுதினார்கள். "வாலாஜாபேட்டைச் சுவடிகள்" என்று பெயர். இன்றைக்கு மதுரை சௌராஷ்டிர சபையில் இருக்கின்றன. தியாகராஜர் 1847-ல் காலமானார். ஒலிப்பதிவு என்ற ஒன்று வர இன்னும் முப்பது வருஷம் இருந்தது. ஆக, அவர் பாட்டு அவரை விட்டுப் பிரிந்து வந்து தங்கிய இடங்களில் ஒன்று எங்க ஊர் ஓலைக்கட்டு.

ஓலையில் எது வந்தது? பாட்டு வந்தது. எது வரவில்லை? குரல், மூச்சு, சிஷ்யன் தப்பாகப் பாடும்போது குரு நிமிர்ந்து பார்க்கும் பார்வை. ஆனால் ஓலைக்கு ஒரு நேர்மை உண்டு. "நான்தான் தியாகராஜர்" என்று அது நடிக்காது. யாராவது வாயைத் திறந்து பாடினால்தான் அதற்கு உயிர்.

அடுத்து வந்தது நடித்தது.

1902 நவம்பரில் கிராமஃபோன் கம்பெனியின் ஃப்ரெட் கைஸ்பர்க் கல்கத்தாவில் கௌஹர் ஜானைப் பாட வைத்துப் பதிவு செய்தார். அப்போது மைக் கிடையாது. சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு தகரக் குழாய்க்குள் தலையை விட்டுக் கத்திப் பாட வேண்டும். மூணு நிமிஷம், அவ்வளவுதான். முடிந்ததும் தன் பெயரை இங்கிலீஷில் உரக்கச் சொல்லுவார் கௌஹர் ஜான். தட்டு அச்சாவது ஜெர்மனியில். யார் பாடினது என்று அங்கிருப்பவர்களுக்குத் தெரிய வேண்டுமே. விடிய விடிய சபையில் பாடுகிற பாடகி, ஒரு தகரக் குழாயிடம் தன் பெயரைச் சொல்லி அறிமுகம் செய்துகொள்கிறார். எனக்கு இந்தக் காட்சி மறக்கவே மாட்டேன் என்கிறது.

தெற்கே முதலில் குழாய் முன்னால் நின்றவர்களில் முக்கியமானவர்கள் சேலம் கோதாவரி, கோயமுத்தூர் தாயி, காஞ்சிபுரம் தனகோடி அம்மாள், பெங்களூர் நாகரத்தினம்மாள். எல்லாரும் பெண்கள், தேவதாசி மரபில் வந்தவர்கள். பெரிய வித்வான்கள் பலர் தயங்கினார்கள். குரல் போய்விடுமோ என்ற பயம். கண்ட இடத்தில், கண்டவர் வீட்டில் நம் பாட்டு ஒலிக்குமே என்ற கூச்சம். இந்தப் பெண்களுக்கோ மேடையே நழுவிக்கொண்டிருந்த காலம் அது. புது மேடை எது வந்தாலும் முதலில் ஏறுவது பழைய மேடையில் இடம் மறுக்கப்பட்டவர்கள்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. (நாகரத்தினம்மாள் சம்பாதித்ததைப் போட்டு 1920களில் திருவையாற்றில் தியாகராஜருக்குச் சமாதிக் கோயில் எழுப்பினார் என்பது உபரித் தகவல். இல்லை, உபரியே இல்லை. அதற்கே தனியாக எழுதணும்.)

இதே காலத்தில் சென்னையில் வேறொரு வகைக் கச்சேரியும் நடந்துகொண்டிருந்தது. வீணை தனம்மாள் வீட்டில் வெள்ளிக்கிழமை சாயங்காலம். மைக் இல்லை, மேடை இல்லை. ஒரு அறை, கொஞ்சம் பேர், கூப்பிடு தூரம் கூட இல்லை, கைநீட்டுத் தூரம். அந்த வீணையின் நாதம் அவ்வளவு மெல்லிசு, யாராவது அசைந்தால்கூட கெட்டுவிடும். அவரும் 1930களில் சில தட்டுகள் கொடுத்தார், 1938-ல் காலமானார். அந்தத் தட்டுகளை இப்போதும் கேட்கலாம், சரசரவென்ற இரைச்சலோடு. அந்த அறைதான் கிடைக்காது. இன்றைக்கு வி.ஆர். கம்பெனிகள் விளம்பரத்தில் விற்பது என்ன என்று யோசித்துப் பாருங்கள். "கலைஞரின் பக்கத்தில் உட்காருங்கள்." தனம்மாளின் வெள்ளிக்கிழமை அறையைத்தான் விற்கிறார்கள்.

ரேடியோவை வேகமாகக் கடந்துவிடலாம். 1924-ல் மதராஸ் பிரசிடென்ஸி ரேடியோ கிளப், 1930-ல் சென்னை மாநகராட்சி ரேடியோ, 1938 ஜூன் 16 அன்று அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம். பாடகருக்கு எதிரே இப்போது குழாய்கூட இல்லை, ஒரு மைக்கும் கண்ணாடிச் சுவரும் ஒரு சிவப்பு விளக்கும். ஒலிபரப்பு நேரலைதான், லட்சம் பேர் கேட்கலாம். ஆனால் ஒரு தலைகூட ஆடுவது தெரியாது. இதில் எனக்குப் பிடித்த விஷயம், 1954-ல் வானொலி "ரேடியோ சங்கீத சம்மேளனம்" என்று ஒன்று ஆரம்பித்தது. அழைக்கப்பட்ட ரசிகர்களை எதிரே உட்கார வைத்து நடத்திய கச்சேரிகள். அதாவது காற்றில் பாட்டை அனுப்பத் தெரிந்தவர்களே, "நாலு பேரை உட்கார வைங்கப்பா" என்று ஒத்துக்கொண்டார்கள்.

இனி கண்ணாடி. பலரும் நினைப்பது போல இது 2012-க்குப் பிறகு வந்த சமாச்சாரம் இல்லை. "விர்ச்சுவல் ரியாலிட்டி" என்ற பெயரைப் பரப்பிய ஜாரன் லேனியர் அடிப்படையில் ஒரு இசைக்காரர். உலகத்தில் உள்ள வாத்தியம் எல்லாம் வாங்கி வாசிக்கும் ஆள். 1992-ல் சிகாகோவில் சிக்கிராஃப் மாநாட்டில், தலையில் கண்ணாடியும் கையில் உணர்கருவி வைத்த கையுறையும் மாட்டிக்கொண்டு "ஒற்றைக் கையின் ஓசை" என்று பொருள்படும் பெயரில் ஒரு கச்சேரி செய்தார். குடைந்த விண்கல் ஒன்றுக்குள் மிதக்கும் கற்பனை வாத்தியங்கள். அவற்றை அவர் ஒற்றைக் கையால் வாசிக்க, அவர் கண்ணில் தெரிவது ரசிகர்களுக்குப் பெரிய திரையில் தெரிந்தது.

இங்கே கவனியுங்கள். ரசிகர்கள் நிஜமாகவே எதிரில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்கள் அவரைப் பார்க்கிறார்கள். அவரால்தான் அவர்களைப் பார்க்க முடியாது, கண் மூடியிருக்கிறது. வி.ஆரின் முதல் கச்சேரிகளில் ஒன்றிலேயே ஆயா சொன்ன குறை உட்கார்ந்திருக்கிறது!

அதற்கப்புறம் நடந்தவை உங்களுக்கும் தெரிந்திருக்கும். 2006-ல் செகண்ட் லைஃப் என்ற கணினி உலகத்தில் சூசன் வேகா தன் பொம்மை உருவத்தில் பாடினார். 2014-ல் பால் மெக்கார்ட்னியின் பியானோ பக்கத்தில் நாம் நிற்கிற மாதிரி ஒரு 360 பதிவு வந்தது. 2020 ஏப்ரலில் ஃபோர்ட்நைட் விளையாட்டுக்குள் டிராவிஸ் ஸ்காட் தோன்றியபோது ஒரே நேரத்தில் 1 கோடியே 23 லட்சம் பேர் உள்ளே இருந்தார்கள் (அது கண்ணாடி இல்லாத சாதா திரைதான், ஆனாலும்). அதே வருஷம் டிசம்பரில் நம்ம மியூசிக் அகாடமி விழாவே இணையத்துக்குப் போனது. 2022 குடியரசு தினத்தன்று தலேர் மெஹந்தி மெட்டாவெர்ஸில் பாங்க்ரா பாடினார்.

நம்ம ஏ.ஆர். ரஹ்மான் வேறு வழியில் போனார். 2022-ல் கான் விழாவின் எக்ஸ்.ஆர். பிரிவில் காட்டிய "லே மஸ்க்", அவரே இயக்கிய 36 நிமிஷ வி.ஆர். படம். கதாநாயகி வாசனையை வைத்துப் பழைய ஆட்களைத் தேடுகிறாள். பார்ப்பவருக்கு அசையும் நாற்காலி, இசை, கூடவே நிஜ வாசனை. கச்சேரியைப் பெட்டியில் அடைக்காமல், இந்தப் பெட்டிக்கென்றே ஒன்றைச் செய்திருக்கிறார் என்பதில் எனக்கு மரியாதை உண்டு. மூணு நிமிஷத் தட்டுக்கென்றே பாட்டைச் சுருக்கிச் செதுக்கிய அந்தக் காலத்துப் பெண்களின் புத்திசாலித்தனம் அது. ஆனால் நாற்காலியும் வாசனையும் இருக்கிற இடத்துக்கு நாம்தான் போகணும். அதுவும் ஒரு வகையில் சபாதான்.

சரி, ஆயாவின் புகாரைத் தீர்க்க முடியாதா? இங்கேதான் என் தொழில் புத்தி அரிக்கிறது.

கண்ணாடிக்கு கேட்பவரைப் பற்றி எல்லாம் தெரியும். தலை எங்கே திரும்பியது, கை எங்கே போனது, எப்போது கழற்றினார் எல்லாம். ஆயா மிருதங்கத்தைத் தொடக் கை நீட்டியது அதற்குத் தெரியும். தொடையில் தாளம் போட்டால் அதுவும் தெரியும். இவ்வளவும் தெரிந்தும், பாடுபவருக்கு அதில் ஒன்றுகூடப் போவதில்லை. போனால் கம்பெனிக்குத்தான் போகும்.

நேரலையாக அனுப்பினால்? கணக்குப் போட்டுப் பார்த்தேன். நிமிஷத்துக்கு 80 தட்டு என்று ஆதி தாளம் போனால், ஒரு தட்டுக்கும் அடுத்ததற்கும் இடையில் 750 மில்லி விநாடி. சென்னையில் பாடுவது அமெரிக்கா போய், அங்கிருந்து ஒருவர் போடும் தாளம் திரும்பி வர 200 மில்லி விநாடிக்கு மேல் ஆகும். கால் தட்டுக்கும் அதிகமான பிசகு. அத்தனை ரசிகர்களும் ஒரே மாதிரி தப்பாகத் தாளம் போடுகிற சபையைப் பாடகர் பார்ப்பார். இதையே மிருதங்கக்காரர் செய்தால் தனி ஆவர்த்தனம் சண்டையில் முடியும். கூடச் சேர்ந்து வாசிக்கிறவர்களுக்கு 30 மில்லி விநாடிக்குள் இருந்தால்தான் சுகம். ஒலி அந்த நேரத்தில் காற்றில் போகும் தூரம் சுமார் பத்து மீட்டர். மேடை அந்த அளவில் இருப்பது சும்மா இல்லை.

ஆனால் ரசிகருக்கு இவ்வளவு கறார் தேவையில்லை என்பதும் உண்மை. முப்பது மீட்டர் தள்ளிக் கடைசி வரிசையில் உட்கார்ந்தவருக்கே பாட்டு கிட்டத்தட்ட 90 மில்லி விநாடி தாமதமாகத்தான் வருகிறது. அவர் தாளமும் தாமதம்தான். எந்தப் பாடகரும் கோவித்துக்கொண்டதில்லை. ஒரு தலை ஆடினது அரை விநாடி கழித்துத் தெரிந்தால்கூடப் போதும், அடுத்த சங்கதி வேற மாதிரி வரும். அதாவது, தாளத்தைத் திருப்பி அனுப்புவது கஷ்டம், தலையாட்டலைத் திருப்பி அனுப்புவது கஷ்டமே இல்லை. இதைச் செய்யாமல் இருப்பதற்கு ஒளியின் வேகம் காரணம் இல்லை. பாடுபவருக்கும் அது வேண்டியிருக்கும் என்று செய்கிறவர்களுக்குத் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

ஊரை விட்டுக் கிளம்பும் முன் ஆயாவிடம் இதையெல்லாம் விளக்கப் பார்த்தேன். தலையாட்டினால் அங்கே தெரிகிற மாதிரி ஒருநாள் வரும் என்றேன்.

"வரட்டும். அப்போ நல்லால்லேன்னாலும் தெரியுமா அவங்களுக்கு?"

தெரியும் என்றேன்.

"அப்போ போட்டுக் காட்டு" என்றாள்.