அளவுகோலும் ஆய்வகமும்: கணினி ஆசிரியரின் தொழில்நுட்பத் திறனை எங்கே அளப்பது?

முன்னுரை

தமிழ்நாட்டு மேல்நிலை வகுப்புகளின் கணினி அறிவியல் பாடநூல்கள் 2018-19ஆம் கல்வியாண்டில் பதினோராம் வகுப்புக்கும், அடுத்த ஆண்டு பன்னிரண்டாம் வகுப்புக்கும் புதிதாக வந்தன. முதலாண்டில் சி++, இரண்டாமாண்டில் பைத்தானும் எஸ்.க்யூ.எல்.லும் எனப் பாடத்திட்டம் உலகப் போக்கை நெருங்கியது. பாடநூலுக்கு ஈடாக ஆசிரியரின் திறனும் வளர்ந்துள்ளதா என்பதை எதைக் கொண்டு அளப்பது? உலகத் தேவையும் உள்ளூர்த் தேவையும் ஒரே வகுப்பறைக் கேள்வியில் சந்திக்கும் இடமே சரியான அளவிடம் என்பது இக்கட்டுரையின் வாதம்.

உலக அளவுகோல்களின் பயனும் எல்லையும்

யுனெஸ்கோ 2018இல் வெளியிட்ட ஆசிரியர் தகவல் தொழில்நுட்பத் திறன் சட்டகத்தின் மூன்றாம் பதிப்பு, 18 திறன்களை மூன்று நிலைகளில் அடுக்குகிறது: அறிவைப் பெறுதல், ஆழப்படுத்துதல், உருவாக்குதல். செயற்கை நுண்ணறிவுக்கென 15 திறன்கள் கொண்ட தனிச் சட்டகம் 2024இல் வந்தது. இவை எல்லாப் பாட ஆசிரியர்களுக்கும் பொதுவானவை. வரலாற்று ஆசிரியருக்குக் கணினி ஒரு கருவி. கணினி ஆசிரியருக்கோ அது கருவி மட்டுமன்று, பாடப்பொருளும் அதுவே. பாட அறிவு, கற்பித்தல் அறிவு, தொழில்நுட்ப அறிவு ஆகிய மூன்றின் இணைவே ஆசிரியத் திறன் என்று மிஸ்ராவும் கோலரும் 2006இல் முன்வைத்த கோட்பாடு இவரிடம் தனிச்சிக்கல் அடைகிறது. மூன்றில் இரண்டு ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன.

வழக்கமான வினாநிரல்கள் இந்தச் சிக்கலைத் தொடுவதில்லை. “மென்பொருளை நம்பிக்கையுடன் கையாளுகிறேன்” என்ற கூற்றுக்கு ஐந்தில் நான்கு மதிப்பெண் இட்டுக்கொள்ளும் ஆசிரியர் தம் நம்பிக்கையைச் சொல்கிறார். அவருடைய திறன் இன்னும் அளக்கப்படவில்லை.

பாடத்திட்டத்தை மாற்றிவிட்டால் ஆசிரியர் திறன் தானே வந்துசேரும் என்ற எண்ணத்துக்கு இங்கிலாந்தின் அனுபவம் எச்சரிக்கை. ராயல் சொசைட்டியின் 2012 அறிக்கை பழைய பாடத்தின் குறைகளைச் சுட்டியது. 2014இல் புதிய கணினியியல் பாடம் நடைமுறைக்கு வந்தது. அதே அமைப்பின் 2017 அறிக்கையோ கற்பித்தல் சீரற்றதாகவும் உறுதியற்றதாகவும் இருப்பதைக் காட்டியது. ஆசிரியர் பயிற்சிக்கான தேசிய மையம் அதன் பிறகே, 2018இல், நிறுவப்பட்டது.

ஒரு சொல், ஐந்து குறிகள்

ஆய்வகத்தில் ஒரு மாணவி பைத்தானின் ‘லென்’ செயற்கூற்றில் ‘தமிழ்’ என்ற சொல்லைக் கொடுத்துப் பார்க்கிறாள் என்று கொள்வோம். மூன்றெழுத்துச் சொல்லுக்குத் திரையில் 5 என்று விடை வருகிறது. சொல்லைத் தலைகீழாக்கினால் மகரத்தின் இகரக் குறி ழகரத்தில் போய் ஒட்டிக்கொள்கிறது. புள்ளி தனியே முன்னால் நிற்கிறது. “கணினி தப்பா சொல்லுதா, மிஸ்?” என்கிறாள்.

“அதெல்லாம் தேர்வுக்கு வராது” என்பது ஒரு விடை. யூனிகோடில் ‘த’, ‘ம’, இகரக் குறி, ‘ழ’, புள்ளி ஆகியவை தனித்தனிக் குறியெண்கள் என்று விளக்குவது இரண்டாவது விடை. அந்த வகுப்பிலேயே மாணவர்களைக் கொண்டு தமிழ் எழுத்துகளைச் சரியாக எண்ணும் சிறு நிரலை எழுதவைப்பது மூன்றாவது. குறியாக்கம் உலகப் பொது அறிவு. அதைத் தமிழில் பொருத்திக் காட்டுவது உள்ளூர்த் தேவை. மூன்றாம் விடையைத் தரும் ஆசிரியர் யுனெஸ்கோ சொல்லும் ‘உருவாக்குதல்’ நிலையில் நிற்கிறார். எந்தச் சான்றிதழும் இந்த வேறுபாட்டைக் காட்டாது.

தமிழ்வழி வகுப்பில் இன்னொரு தேவையும் உண்டு. பாடநூல் ‘மாறி’, ‘செயற்கூறு’ என்கிறது. திரையோ ‘இன்டென்டேஷன் எரர்’ என்று ஆங்கிலத்தில் பிழை காட்டுகிறது. அந்தச் செய்தியை மாணவரே படித்துப் பிழையைக் கண்டுபிடிக்கப் பழக்குவது தனித்திறன். டர்போ சி++ காலத்தில் பயின்று, திரையைத் துடைக்கும் கட்டளையை இன்றும் முதல் வரியில் எழுதவைப்பவருக்கு, புதிய தொகுப்பான் அதை ஏன் ஏற்பதில்லை என்று விளக்கத் தெரிய வேண்டும்.

மதிப்பீட்டுக்கு ஒரு முன்மொழிவு

எனவே மதிப்பீடு மூன்று செயல்களைக் கேட்க வேண்டும். முதலாவது, மாணவர் எழுதிய பிழையான நிரலைத் திருத்தி, பிழைக்குக் காரணமான தவறான புரிதலை இனங்காணுதல். இரண்டாவது, ஒரு கருத்தைத் தமிழில் ஐந்து நிமிடம் விளக்குதல். மூன்றாவது, ஒரே கணினியை மூன்று மாணவர் பகிரும், இணையம் இல்லாத நாளுக்கான ஆய்வக வகுப்பைத் திட்டமிடுதல். முடிவுகள் தரவரிசைக்கோ தண்டனைக்கோ போகக் கூடாது; போனால் ஆசிரியர் தம் குறையை மறைப்பார், அளவீடு பொய்க்கும். அவை அந்த ஆசிரியருக்கான பயிற்சியாக மட்டுமே திரும்ப வேண்டும்.

முடிவுரை

உள்ளூர்த் தேவையை உலகத் தரத்திற்குக் கீழான படியாகக் கருதும் மதிப்பீடு இரண்டையும் தவறவிடும். மாணவியின் கேள்விக்கு அந்த இடத்திலேயே சரியான விடை தரத் தெரிந்தவரே திறன்மிக்க கணினி ஆசிரியர். அவரை அடையாளம் காணும் மதிப்பீடு வினாநிரலில் முடியாது. ஆய்வகத்தில்தான் நடக்க வேண்டும்.