அந்துப்பூச்சியின் குடும்பத்தை எதை வைத்துச் சொல்வது?

சின்னசேலம் பக்கம் மக்காச்சோளம் போட்டவங்களுக்கு அமெரிக்கப் படைப்புழுவை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. 2018-ல் கர்நாடகத்தில் முதலில் தென்பட்ட அது, அதே ஆண்டில் தமிழ்நாட்டுக்கும் வந்துவிட்டது. புழுவை எல்லாருக்கும் தெரியும். ஆனால் ராத்திரி விளக்கடியில் விழுகிற பத்துப் பழுப்புப் பூச்சிகளில் அதன் தாய் அந்து எது?

நிறத்தை நம்ப முடியாது. செதில் உதிர்ந்தால் நிறமும் போய்விடும். இதற்கு இந்திய அளவில் ஒரு வழி போட்டுக் கொடுத்தவர் ஜார்ஜ் ஹாம்ப்சன். நீலகிரியில் தேயிலைத் தோட்டம் நடத்தியவர். 1891-ல் நீலகிரி அந்துக்களைப் பற்றி எழுதினார். 1892 முதல் 1896 வரை இந்திய அந்துக்களுக்கு நான்கு தொகுதிகள் கொண்டுவந்தார்.

அவர் பெரிதும் நம்பியது இறக்கை நரம்புகளை. ஒரு சொட்டு ஸ்பிரிட் விட்டால் செதிலுக்கு அடியில் நரம்பு தெரியும், அதை எண்ணலாம். கூடவே உணர்கொம்பு, வாய்ப்பகுதி, முன்னிறக்கையையும் பின்னிறக்கையையும் கொக்கி போல இணைக்கும் முள். கரும்பு இளங்குருத்துப்புழுவின் அந்துவுக்கு முகத்துக்கு முன்னால் மூக்கு மாதிரி ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். பட்டுக்கூடு கட்டும் சாட்டர்னிடே குடும்பத்துப் பெரிய அந்துக்களுக்கு அந்த இணைப்பு முள்ளே கிடையாது.

நாக்டுயிடே என்ற பெரிய குடும்பத்தில் ஹாம்ப்சன் ஒரு பிரிவைக் கவனித்தார். பின்னிறக்கையின் ஐந்தாம் நரம்பு சிலவற்றில் மங்கிப்போயிருக்கும், சிலவற்றில் முழுசா இருக்கும். படைப்புழு அந்து முதல் வகை. ஆமணக்கு காவடிப்புழுவின் அந்து இரண்டாவது. நூறு வருஷம் கழித்து மரபணு ஆய்வு வந்தது. 2010-ஐ ஒட்டி அந்த இரண்டாம் வகையில் பெரும்பகுதி எரிபிடே என்று தனிக் குடும்பமானது. பெயர்ப்பலகை மாறியது, ஹாம்ப்சன் எண்ணிய நரம்பு இன்னும் உதவுகிறது.

ஆனால் குடும்பம் தெருவரைக்கும்தான் கூட்டிப்போகும். நம்ம ஊரில் ரொம்ப காலமாக இருக்கும் புரோடீனியாவும் புதிதாக வந்த படைப்புழுவும் ஒரே குடும்பம், ஒரே பேரினம். இரண்டையும் பிரிக்கப் புழுவையே பாருங்க. தலையில் கவிழ்த்த Y வடிவக் கோடு, வால் பக்கம் கடைசிக்கு முந்தின கண்டத்தில் சதுரமாக நாலு புள்ளி. இரண்டும் இருந்தால் அது படைப்புழு. மருந்துக்கடைக்குப் போவதற்கு முன்னால் இதைப் பார்த்துவிட்டால், வேறு புழுவுக்கு மருந்தடித்துக் காசைத் தொலைக்க வேண்டாம்.