மேயர் ஆசனமும் மாநில அதிகாரமும்: மனோகர் ஜோஷியும் தாராவித் தமிழரும்

பம்பாய் மாநகராட்சியின் சரித்திரத்தை ஆராயப் புகுகிறவர் முதலில் மனத்தில் கொள்ளவேண்டிய விஷயம், அந்நகரின் மேயர் பதவி கௌரவத்தில் பெரிதாயினும் அதிகாரத்தில் சிறிது என்பதே. 1888ஆம் ஆண்டுச் சட்டம் நிர்வாகப் பொறுப்பை மாநில அரசு நியமிக்கும் கமிஷனரிடம் ஒப்படைத்தது. 1931இல் மன்றத் தலைவருக்கு 'மேயர்' என்னும் பட்டம் வாய்த்தபின்னும் அந்த ஏற்பாடு மாறவில்லை. ஆகவே, நகரத்தை ஆள விரும்பிய அரசியல்வாதி மேயர் ஆசனத்தைக் கடந்து மாநில அரசின் மந்திராலயாவை நோக்கிச் செல்வதே இயல்பாயிற்று. அவ்வழியை முழுதும் நடந்து கடந்தவர் மனோகர் ஜோஷி.

1937இல் கொங்கணத்து நாந்த்வி கிராமத்தில் எளிய குடும்பத்தில் பிறந்து, படித்துப் பட்டம் பெற்று, சிறிது காலம் மாநகராட்சியிலேயே உத்தியோகம் பார்த்து, 1961இல் கோஹினூர் தொழிற்பயிற்சி ஸ்தாபனத்தை நிறுவிய அவர், 1966இல் தோன்றிய சிவசேனையில் சேர்ந்து நகரமன்ற உறுப்பினரானார். அந்த இயக்கத்தின் ஆரம்பகாலப் பிரசாரம் தென்னிந்தியரைக் குறிவைத்ததையும், உடுப்பி உணவகங்கள் தாக்கப்பட்டதையும் மாட்டுங்கா, தாராவித் தமிழர் மறக்கவில்லை. திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடும் வேலைக்கு வந்து, சதுப்பு நிலத்தைத் தம் உழைப்பால் தூர்த்துக் குடியேறிய மக்களுக்கு, அந்தப் பிரசாரம் வெறும் பத்திரிகைச் செய்தியாக இருக்கவில்லை.

ஜோஷி மேயரானது 1976இல், நெருக்கடி நிலையின் நடுவில். அவ்வாண்டின் தொடக்கத்தில் மாநில அரசு குடிசைகளைக் கணக்கெடுத்து, குடும்பத்தின் நிழற்படம் ஒட்டிய 'போட்டோ பாஸ்' என்னும் அட்டையை வழங்கத் தலைப்பட்டது. ஒரு குடிசை இருக்கிறது என்பதை அரசு ஒப்புக்கொண்டதற்குச் சாட்சியாகிய அச்சிறு அட்டையைத் தாராவியில் தகரப் பெட்டியின் அடியில், ரேஷன் கார்டோடு சேர்த்து, நகையைப்போல் காத்தனர். அதே ஆண்டில் செம்பூருக்கு அப்பால் மான்குர்தில் அணுசக்தித் துறைக்குரிய நிலத்திலிருந்த ஜனதா காலனி இடிக்கப்பட, தமிழர் பலர் உள்ளிட்ட அதன் மக்கள் சீத்தா கேம்ப்புக்குப் பெயர்க்கப்பட்டனர். அட்டை கொடுத்தது மாநிலம். வீட்டை இடித்தது மத்திய அரசின் தேவை. இரண்டிலும் நகரத்தின் முதல் பிரஜைக்குத் தீர்மானிக்கும் ஸ்தானம் இருக்கவில்லை. ஜோஷியின் பிற்கால வாழ்க்கையைப் புரிந்துகொள்ள இந்த ஓராண்டே சிறந்த திறவுகோல் என்பது என் துணிபு.

மேலவை, சட்டசபை எதிர்க்கட்சித் தலைமை ஆகிய படிகளைக் கடந்து, 1995 மார்ச்சில் அவர் முதலமைச்சரானார். நாற்பது லட்சம் குடிசைவாசிகளுக்கு இலவச வீடு என்ற வாக்குறுதியே அத்தேர்தலின் பெரும் ஈர்ப்பு. அவ்வாண்டின் இறுதியில், முதலமைச்சரையே தலைவராகக் கொண்டு, குடிசை மறுவாழ்வு ஆணையம் அமைந்தது. 1995 ஜனவரி 1க்கு முன் குடியிருந்ததை நிரூபித்தவருக்கு 225 சதுர அடி வீடு. கட்டுபவருக்கு அதற்கு ஈடாகச் சந்தையில் விற்கக்கூடிய கூடுதல் கட்டடப் பரப்பு. மேயராக அவர் பெறாத அதிகாரம் அனைத்தும் இந்த ஒரே ஆசனத்தில் குவிந்தது. ஆயினும் நில விலை ஏறுவதை நம்பிய இத்திட்டம் வாக்குறுதிக்கு வெகு தூரத்திலேயே நின்றது. லாபம் தராத மனையை எந்த ஒப்பந்தக்காரரும் தொடவில்லை. பழைய அட்டைகளைப் பத்திரப்படுத்திய குடும்பங்கள், அவற்றைக் காட்டியும் ஆண்டுக்கணக்கில் காத்திருக்க நேர்ந்தது வேதனைக்குரியது.

1992-93 கலவரத்தில் தாராவியும் பட்ட புண் ஆறுமுன், அதை விசாரித்த ஸ்ரீகிருஷ்ணா கமிஷனை 1996 ஜனவரியில் அவர் அரசு கலைத்ததும், சில மாதங்களில் மீண்டும் அமைக்க நேர்ந்ததும் அந்த ஆட்சியின் மேல் விழுந்த பெரும் களங்கம். 1999 ஜனவரி இறுதியில் அவர் பதவி விலகினார். பின் மக்களவை உறுப்பினராகி, மத்திய அமைச்சராகி, 2002இல் சபாநாயகராகவும் உயர்ந்தார்.

2004இல், தாராவியை உள்ளடக்கிய மும்பை வடமத்தியத் தொகுதியில் அவரைத் தோற்கடித்தவர், அதே தாராவியின் சட்டமன்ற உறுப்பினராக இருந்த ஏக்நாத் காயக்வாட். மக்களவையின் சபாநாயகரை, குடிசைப் பகுதியின் பிரதிநிதி வென்றார். அவ்வாண்டே தாராவி முழுவதையும் ஒரே திட்டமாகக் கட்டுவதென்று மாநில அரசு முடிவெடுத்தபோதும், அந்த முடிவு மாநகராட்சி மன்றத்தில் பிறக்கவில்லை.