வயசு போன ஆட்டக்காரருக்கு ஏன் இவ்வளவு காசு?

2008 பெப்ரவரியில் ஐ.பி.எல்லின் முதலாவது ஏலம் நடந்தது. அதில் மும்பை இந்தியன்ஸ் எங்கட சனத் ஜயசூரியவை வருசத்துக்கு 975,000 டொலர் கொடுத்து எடுத்தது. ஒப்பந்தம் மூன்று வருசம். சனத்துக்கு அப்போது வயது 38. 1996 உலகக் கிண்ணத்தைக் கலக்கி 12 வருசம் போயிருந்தது. இந்த வயசில மூன்று வருசமா என்று யாரும் கேட்டிருந்தால் அது நியாயமான கேள்விதான்.

முதல் வருசம் அந்தக் கேள்விக்கு இடமே வைக்கல்ல. 14 ஆட்டங்களில் 514 ஓட்டம் எடுத்தார். மே 14ஆம் திகதி வான்கடேயில் சென்னைக்கு எதிராக 48 பந்தில் 114, அதில் 11 சிக்ஸர், கடைசிவரை ஆட்டமிழக்கவும் இல்லை. அடுத்த வருசம் 221 ஓட்டம். மூன்றாவது வருசம் 33. ஒப்பந்தம் முடிகிற அதே 2010இல் மாத்தறை மாவட்ட எம்.பி. ஆகிவிட்டார். 2011 ஏலத்தில் அவரை ஒருத்தரும் எடுக்கல்ல.

முதல் வருசம் லாபம், கடைசி வருசம் நட்டம். வயசு போன நட்சத்திரத்தோட நீண்ட ஒப்பந்தம் போட்டால் கணக்கு பெரும்பாலும் இப்படித்தான் முடியும். இதை நல்லா விளங்கிக்கொள்ள நாங்கள் அமெரிக்காவின் பேஸ்போலைப் பார்க்க வேண்டும். அங்கே மூன்று வருசம் இல்லை, பத்து வருசத்துக்கே ஒப்பந்தம் போடுவார்கள்.

அல்பேர்ட் புஹோல்ஸ் 2001இல் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணிக்கு ஆட வந்தபோது வயது 21. அந்த வருசச் சம்பளம் 200,000 டொலர். அங்கே 11 வருசம் ஆடினார். இரண்டு தடவை அணி சம்பியன், மூன்று தடவை இவர் லீக்கின் மிகப் பெறுமதிமிக்க வீரர். 2011 டிசம்பரில், 32ஐத் தொடுகிற நேரம், ஏஞ்சல்ஸ் அணி அவரைப் பத்து வருசத்துக்கு 240 மில்லியன் டொலருக்கு எடுத்தது. அங்கே அந்தப் பழைய ஆட்டம் திரும்பி வரவில்லை. ஒப்பந்தத்தின் கடைசி வருசமான 2021இல் சம்பளம் 30 மில்லியன், வயது 41. அந்த வருச மே மாதத்திலேயே அணி அவரை விலக்கிவிட்டது.

கேட்டவுடன் 'வீண் காசு' என்றுதான் வாயில் வரும். ஆனால் 21 வயசில 200,000, 41 வயசில 30 மில்லியன் என்ற இரண்டு தொகையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நல்லா ஆடின காலத்தில் குறையக் கொடுத்ததைப் பிந்திக் கொடுத்த மாதிரி இல்லையா?

இதற்குப் பின்னால் ஒரு நீண்ட சண்டை இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டின் கடைசியிலிருந்து பேஸ்போல் வீரர் தன் அணியின் சொத்து மாதிரித்தான். ஒப்பந்தம் முடிந்தாலும் வேறு அணிக்குப் போக முடியாது. ஆனால் அணி அவரை விற்கலாம், மாற்றலாம். 1969இல் கேர்ட் ஃப்ளட் என்ற கறுப்பின வீரரை அப்படி மாற்றினபோது, 'நான் வாங்கி விற்கிற பொருள் இல்லை' என்று அவர் மறுத்து வழக்குப் போட்டார். 1972இல் உயர் நீதிமன்றத்தில் 5க்கு 3 என்று தோற்றார். அவருடைய ஆட்ட வாழ்க்கை அதற்கு முன்பே முடிந்திருந்தது. 1975 டிசம்பரில் வேறு இரண்டு வீரர்களின் விசாரணையில் பீட்டர் சைட்ஸ் என்ற நடுவர் அந்தக் கட்டை அவிழ்த்துவிட்டார். ஆனால் முழுசாக அல்ல. அடுத்து வந்த உடன்பாட்டின்படி ஆறு வருசம் ஆடின பிறகுதான் ஒரு வீரர் விரும்பின அணிக்குப் போகலாம்.

பிரச்சினை அந்த ஆறு வருசத்தில்தான். உடம்பில் பலம் உள்ள காலம் மலிவு விலையில் போகிறது. விடுதலை கிடைக்கும்போது வயது முப்பதை நெருங்கிவிடும். அதனாலதான் பத்து வருசம் கேட்கிறார்கள்.

எங்கட முரளிதரனின் கதையும் இதற்குக் கிட்டத்தான் வருகிறது. 1992இல் டெஸ்ட் ஆடத் தொடங்கியவர். அவர் உச்சத்தில் நின்ற காலத்தில் ஐ.பி.எல். என்ற ஒன்றே இல்லை. 2008இல் சென்னை 600,000 டொலருக்கு எடுத்தபோது வயது 35. 2010 ஜூலையில் 800 விக்கெட்டோட டெஸ்டை விட்டார். அடுத்த ஜனவரியில், 38 வயசில, கொச்சி அணி 1.1 மில்லியன் கொடுத்தது. வயது ஏற விலையும் ஏறியது! அந்த விலை அடுத்த பந்துக்கு மட்டும் கொடுத்தது என்று நாங்கள் நினைக்கவில்லை. அந்த 800க்கும் சேர்த்துத்தான். அந்த வருசம் செப்டெம்பரிலேயே கொச்சி அணியை இந்தியக் கிரிக்கெட் சபை நீக்கிவிட்டது என்பது வேறு கதை.

அப்படியென்றால் பெரியவருக்குக் கொடுப்பதுதான் சரியா? இங்கேதான் இளையவர் நாங்கள் கவனமாக இருக்க வேண்டும். 'வயசு போனவருக்குக் கொடுக்காதே' என்று கணக்குக் காட்டுகிற முதலாளி, மிச்சம் பிடித்த காசை இளையவரிடம் கொடுக்கிறானா? பேஸ்போலில் அது தானாக நடக்கல்ல. 2021 டிசம்பரில் தொடங்கி 99 நாள் ஆட்டத் துறையே பூட்டிக் கிடந்த பிறகுதான் ஆகக் குறைந்த சம்பளம் 570,500இலிருந்து 700,000 டொலராக ஏறியது.

எங்கட வினாயகபுரத்திலயும் திருக்கோவில் பக்கத்திலயும் ஒரு கழகம் டீம் போடும்போது இதே பேச்சு வரும்: மூத்த அண்ணாவுக்கு இடமா, தம்பிக்கு இடமா? அந்தச் சண்டையில் நாங்கள் இரண்டு பேரையும் மோதவிட்டுப் பார்க்கிறோம். கேட்க வேண்டிய கேள்வி வேறு. தம்பி நல்லா ஆடுகிற இந்த வருசமே அவனுக்கு உரியதைக் கொடுத்தால், பிறகு அண்ணா ஆனதும் பழைய கணக்கைத் தூக்கிக்கொண்டு வர வேண்டிய தேவை அவனுக்கு வருமா?

புஹோல்ஸைப் பற்றி இன்னும் ஒன்று. 2022இல் 2.5 மில்லியனுக்கு, ஒரேயொரு வருச ஒப்பந்தத்தில் பழைய செயின்ட் லூயிஸுக்கே திரும்பினார். அந்த வருசம்தான் 700ஆவது ஹோம் ரன்னை அடித்தார். வயது 42.