முயல் வேலியும் ஒட்டகக்காரர்களும்

1859-ஆம் ஆண்டு ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவில் தாமஸ் ஆஸ்டின் என்னும் பண்ணையார், இங்கிலாந்திலிருந்து தருவித்த சுமார் 24 முயல்களைத் தம் நிலத்தில் திறந்துவிட்டார். வேட்டையாடி மகிழ்வதே அவர் நோக்கம். அம்மண்ணில் அவற்றைக் கட்டுப்படுத்தப் போதிய எதிரிகள் இல்லை. சில பத்தாண்டுகளில் மேய்ச்சல் நிலங்கள் மொட்டையாயின. மரக்கன்றுகள் முளைத்தவுடனே கடிபட்டன. பில்பி போன்ற அந்நாட்டுச் சிற்றுயிர்கள் உணவும் வளையும் இழந்து ஒடுங்கின.

மேற்கு ஆஸ்திரேலியா 1901 முதல் 1907 வரை 3,200 கிலோமீட்டருக்கும் மேலாகக் கம்பி வேலி கட்டியது. வேலை முடியும் முன்னரே முயல்கள் அதைக் கடந்துவிட்டன! அவ்வேலியைச் சுற்றிவந்து பழுதுபார்த்த பணியாளர்கள் ஒட்டகங்களையே நம்பியிருந்தனர். ஒட்டகங்களை அந்நாட்டுப் பாலைவெளியில் நடத்திப் பழக்கியவர்கள் ஆப்கானிஸ்தான், பலூசிஸ்தான், சிந்து, பஞ்சாப் பகுதிகளிலிருந்து சென்ற நம் சகோதர முஸ்லிம்கள். 1880-களின் இறுதியில் அடிலெய்டில் அவர்கள் எழுப்பிய பள்ளிவாசல் இன்றும் நிலைத்திருக்கிறது. பாலையைக் கடந்து அந்நாட்டிற்குச் சரக்குச் சுமந்த அவர்களுக்கு, 1903-ஆம் ஆண்டுச் சட்டம் குடியுரிமையை மறுத்தது. பின்னர் லாரிகள் வந்தன. உரிமம் இல்லாத ஒட்டகங்களைச் சுட 1925-இல் தெற்கு ஆஸ்திரேலியா சட்டம் இயற்றியது. கூடவே வாழ்ந்த பிராணியைக் கொல்ல மனம் வராமல் பலர் அவற்றைப் பாலையில் அவிழ்த்துவிட்டனர். அவற்றின் வழித்தோன்றல்களே இன்று நீர்ச்சுனைகளைக் கலக்கி அழிப்பதாக எண்ணப்படுகின்றன. இதற்கு ஒட்டகத்தைக் குற்றம் சொல்ல நமக்கு மனம் ஒப்பவில்லை.

முயலுக்கு வருவோம். வேலியால் முடியாததை ஆய்வுக்கூடம் முயன்றது. தென் அமெரிக்காவிலிருந்து கண்டறியப்பட்ட மிக்சோமா வைரஸை அரசின் அறிவியல் ஆய்வு நிறுவனம் 1950-இல் மரே ஆற்றுப் படுகையில் விட்டது. முதலில் பலன் தெரியவில்லை. மழைக்குப் பின் கொசுக்கள் பெருகவே, நோய் காட்டுத்தீயெனப் பரவி முயல்களைக் கோடிக்கணக்கில் மாய்த்தது. கண்கள் வீங்கிச் சில நாட்கள் துடித்தே அவை இறந்தன; வாயில்லா உயிர்களின் அவ்வேதனையை நாம் எளிதாகக் கடந்துசெல்லல் ஆகாது.

அவ்வேளையில் அதே பகுதியில் மக்களிடையே மூளைக்காய்ச்சலும் பரவிற்று. முயல் வைரஸே காரணம் என்று மக்கள் அஞ்சினர். மேக்ஃபர்லேன் பர்னெட், ஃபிராங்க் ஃபென்னர், இயன் குளூனிஸ் ராஸ் ஆகிய மூன்று அறிஞர்களும் 1951-இல் அவ்வைரஸைத் தம் உடலிலேயே செலுத்திக்கொண்டனர். அவர்களுக்கு நோய் வரவில்லை. மக்களின் அச்சம் தணிந்தது. வெறும் அறிக்கையோடு நில்லாமல் தம் உடலையே சான்றாக்கிய அந்நேர்மையை நாம் பெரிதும் மதிக்கிறோம்.

ஆயினும் வெற்றி நிலைக்கவில்லை. தொடக்கத்தில் நோயுற்ற முயல்களுள் ஏறக்குறைய அனைத்தும் மாண்டன. சில ஆண்டுகளிலேயே வைரஸின் வீரியம் குறைந்ததையும் முயல்களின் எதிர்ப்பாற்றல் கூடியதையும் ஃபென்னர் குழுவினர் அளந்து பதிவுசெய்தனர். 1995-இல் வார்டாங் தீவில் மற்றொரு வைரஸைச் சோதித்துக்கொண்டிருந்தபோது, அது அனுமதி கிடைக்கும் முன்பே தீவைத் தாண்டிப் பெருநிலத்திற்குப் பரவிவிட்டது. அதன் கொரிய வகையொன்றை 2017-இல் நாடெங்கும் விட்டிருக்கிறார்கள். எதிர்ப்பாற்றல் எவ்வளவு கூடுகிறது என்பதை இன்னமும் அளந்துகொண்டிருக்கிறார்கள்.