ஸ்பிரிங் ஏர் ரைபிள் புதுப்பித்தல்
சுருள்வில் விசையில் பாயும் பிஸ்டன் காற்றை நெருக்கி ஈயக் குண்டைச் செலுத்தும் பழைய துப்பாக்கிகளைச் சீராக்கும் கைவேலை. லிங்கன் ஜெஃப்ரிஸ் 1904இல் காப்புரிமை பெற்ற வடிவில், பர்மிங்காமின் பி.எஸ்.ஏ. நிறுவனம் 1905 முதல் தயாரித்தவை புகழ்பெற்றவை. இவற்றில் முதலில் சோர்வது பிஸ்டன் முனையின் தோல் வாசர்தான். காய்ந்தால் காற்று கசியும். எண்ணெயில் ஊறவைத்தால் பெரும்பாலும் மீளும். எண்ணெய் மிஞ்சினாலோ அழுத்தச் சூட்டில் பற்றிக்கொண்டு புகை கிளம்பும். சுட்டதும் ‘ணங்’கென்று அதிர்ந்தால், வில்லுக்குள் செல்லும் தண்டு தளர்ந்திருக்கிறது என்று பொருள்; கச்சிதமாகக் கடைந்த தண்டும் சிறிது கிரீஸும் அதை அடக்கும். முறுக்கான புது வில் பலரின் ஆசை. ஆனால் அதனால் பெரும்பாலும் உதைப்புதான் கூடும். இங்கிலாந்தில் உரிமமின்றி வைத்திருக்க 12 அடி-பவுண்டு ஆற்றலே வரம்பு என்பதால், வேலை முடிந்ததும் குண்டின் வேகத்தை அளந்து ஆற்றலைக் கணிக்க வேகமானியில் சுட்டுப் பார்ப்பார்கள்.