விலைவாசி நிவாரணம் (ஓசூர் – மூக்கண்டப்பள்ளி வட்டாரம்)

உணவு, மின்சாரம், போக்குவரத்து, வாடகை ஆகியவற்றின் விலை குடும்ப வருவாயைவிட விரைந்து ஏறும்போது, அச்சுமையின் ஒரு பகுதியை அரசு தன் கணக்கில் ஏற்றுக்கொள்ளும் நடவடிக்கைகள் விலைவாசி நிவாரணம் எனப்படும். கிருஷ்ணகிரி மாவட்டத்தில், ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டையை ஒட்டி, கர்நாடக எல்லைக்கு மிக அருகில் அமைந்த மூக்கண்டப்பள்ளியில் இதன் வரலாறு தனித்துப் பார்க்கத் தக்கது. ஏனெனில் நிவாரணம் பெரும்பாலும் குடும்ப அட்டையோடும் முகவரியோடும் பிணைக்கப்பட்டிருக்க, இங்கு வாழ்வோரில் கணிசமானோர் வேலை தேடி வெளியூர்களிலிருந்தும் வெளிமாநிலங்களிலிருந்தும் வந்தவர்கள்.

இப்பகுதி சேலம் மாவட்டத்தைச் சேர்ந்திருந்த காலத்தில், இரண்டாம் உலகப் போரும் 1943ஆம் ஆண்டின் வங்கப் பஞ்சமும் ஏற்படுத்திய தட்டுப்பாட்டினால் சென்னை மாகாணத்தில் உணவுப் பங்கீடு, அதாவது ஆளுக்கு இவ்வளவு என அளந்து வழங்கும் முறை, நடைமுறைக்கு வந்தது. 1952இல் முதலமைச்சர் இராஜாஜி உணவுதானியக் கட்டுப்பாட்டை நீக்கினார். ஆயினும் 1960களின் நடுவில் அரிசித் தட்டுப்பாடு மீண்டும் கடுமையாகி, 1967 தேர்தலில் ரூபாய்க்குப் படி அரிசி என்னும் வாக்குறுதி பெரும் செல்வாக்குப் பெற்றது; ஆட்சிக்கு வந்த அண்ணாவின் அரசால் அதனைச் சென்னையிலும் கோவையிலும் மட்டுமே தொடங்க இயன்றது. நெல்லைக் கொள்முதல் செய்து, அரைத்து, இருப்பு வைத்து, கடைகளுக்கு அனுப்பும் நிலையான அமைப்பு இல்லாமல் மலிவு விலை நிலைக்காது என்பதை அந்த அனுபவம் உணர்த்தியது. 1972இல் நிறுவப்பட்ட தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம் அப்பணியை ஏற்றது. மக்கள் ரேஷன் கடை என்றழைக்கும் நியாய விலைக் கடைகளைப் பெரும்பாலும் கூட்டுறவுச் சங்கங்கள் நடத்துகின்றன.

அதே பத்தாண்டில்தான் ஓசூரில் சிப்காட் தொழிற்பேட்டை உருவாகியது; அதன்பின் அசோக் லேலண்ட், டிவிஎஸ், டைட்டன் ஆகிய நிறுவனங்களின் ஆலைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. ஆலைகளின் நிரந்தரத் தொழிலாளர்க்கு விலையேற்றத்திலிருந்து ஓரளவு காப்பளித்தது பஞ்சப்படி. நுகர்வோர் விலைக் குறியீட்டெண் உயர உயரக் கூடும் ஊதியப் பகுதி இது. ஒப்பந்தத் தொழிலாளர், சிறு பட்டறைகளில் வேலை செய்வோர், வீட்டு வேலைக்குச் செல்லும் பெண்கள் ஆகியோருக்கு இத்தகைய ஏற்பாடு வலுவாக அமையாததால், அவர்களுடைய மாதச் செலவைத் தாங்கிப் பிடித்தது ரேஷன் அரிசியே.

1997இல் மத்திய அரசு வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ளோரைத் தனியே பிரித்து மலிவு தானியம் வழங்கும் முறைக்கு மாறியபோது, தமிழ்நாடு அதனை ஏற்காமல் அனைவருக்குமான பொது விநியோகத்தைத் தொடர்ந்தது. வருவாய் மாதத்துக்கு மாதம் மாறும் தொழிற்பகுதிக் குடும்பங்களுக்கு இம்முடிவு பெரும் நன்மை செய்தது. ஓவர்டைம் கிடைத்த ஆண்டில் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டு, வேலை இழந்த ஆண்டில் மீண்டும் மனுவோடு அலையும் நிலை அவர்களுக்கு நேரவில்லை. அரிசி விலை 2006இல் கிலோ 2 ரூபாயாகவும், 2008இல் 1 ரூபாயாகவும் குறைக்கப்பட்டு, 2011 ஜூன் முதல் விலையில்லா அரிசியாயிற்று. 2007இல் தொடங்கிய சிறப்புப் பொது விநியோகத் திட்டம் பருப்பையும் பாமாயிலையும் மலிவு விலையில் சேர்த்தது. தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் தமிழ்நாட்டில் 2016 நவம்பரில் நடைமுறைக்கு வந்தபோதும், அதன் வரம்புக்குள் வராத அரிசி அட்டைதாரர்களுக்கான செலவை மாநில அரசே ஏற்றது.

பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட் போன்ற மாநிலங்களின் தொழிலாளர்களுக்கு இவற்றில் எதுவும் நெடுங்காலம் எட்டவில்லை. 2020 அக்டோபரில் தமிழ்நாடு ‘ஒரே நாடு ஒரே ரேஷன் அட்டை’ திட்டத்தில் இணைந்ததும், சொந்த மாநில அட்டை எண்ணையும் கைரேகையையும் கொண்டு இங்குள்ள கடையில் தானியம் பெற வழி ஏற்பட்டது. அவர்களுக்கு உரியது உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் தானியம் மட்டுமே; தமிழக அரசு தன் பணத்தில் தரும் பருப்பும் எண்ணெயும் அதில் அடங்கா.

எல்லையின் இருபுறமும் நிவாரணம் வேறுபடுகிறது. கர்நாடகம் 2013 ஜூலையில் மலிவு அரிசிக்கான அன்னபாக்கிய திட்டத்தையும், 2023இல் குடும்பத் தலைவிக்கு மாதம் 2,000 ரூபாய் வழங்கும் கிருகலட்சுமி திட்டத்தையும் தொடங்கியது. தமிழ்நாடு 2023 செப்டம்பர் 15 முதல், தகுதியுள்ள குடும்பத் தலைவிகளுக்கு 1,000 ரூபாய் மகளிர் உரிமைத்தொகை வழங்குகிறது. 2021 மே மாதம் முதல் தமிழகச் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்கள் கட்டணமின்றிச் செல்கின்றனர். 2023இல் வந்த கர்நாடகத்தின் கட்டணமில்லாப் பேருந்துப் பயணத் திட்டமான சக்தியோ அம்மாநில முகவரிச் சான்றுள்ள பெண்களுக்கே உரியது. இலவச அரிசி எல்லை தாண்டிக் கடத்தப்படுவதும் இவ்வட்டாரத்தின் நீண்டகாலச் சிக்கல். அதைத் தடுக்கக் குடிமைப்பொருள் வழங்கல் குற்றப் புலனாய்வுத் துறை செயல்படுகிறது. கேழ்வரகு விளையும் இம்மண்ணில் அரிசியையே முதன்மையாக வழங்கிவந்தது ஒரு குறையே. 2023இல்தான் அண்டை மாவட்டமான தர்மபுரியிலும் நீலகிரியிலும் அரிசிக்கு மாற்றாக 2 கிலோ கேழ்வரகு வழங்கும் முயற்சி தொடங்கியது.

நிவாரணம் மிக மெலிந்திருப்பது குடியிருப்புச் செலவில்தான். வீட்டு இணைப்புக்கு இரு மாதங்களுக்கு 100 யூனிட் மின்சாரம் 2016 முதல் இலவசம் என்றாலும், ஒரே வரிசையில் கட்டி வாடகைக்கு விடப்படும் லைன் வீடுகளின் உரிமையாளர் யூனிட்டுக்கு ஒரே விலை வைத்து வசூலிக்கும் இடங்களில் அச்சலுகை வாடகைதாரரைச் சேர்வதில்லை. 1960ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் நியாய வாடகையை நிர்ணயிக்கக் கோரும் உரிமையை அளித்திருந்தது. அதற்கு மாற்றாக 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டம், எழுத்து ஒப்பந்தத்தைக் கட்டாயமாக்கி, வாடகைத் தொகையை இரு தரப்பின் உடன்பாட்டுக்கு விட்டுவிட்டது. அட்வான்ஸ் பணமும் வாய்ச்சொல்லுமே ஆவணமாக அறை எடுத்துத் தங்கும் தொழிலாளர்க்கு இந்த மாற்றத்தால் விளைந்த பயன் சிறிது.